கேஸ் ஷீட்டில் ஏறாத தமிழ்: மனநல மருத்துவப் பயிற்சி பற்றிய ஒரு விசாரணை

1. எண்ணிக்கைக்கு அப்பால்

மனநல மருத்துவர்களை உருவாக்குவது பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே கணக்கில் வந்து நின்றுவிடுகிறது: எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள். கணக்கு பொய்யில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோவொரு மனநலக் கோளாறுடன் இருப்பதாகக் கண்டது. கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையின் பக்கமே வராதவர்கள். லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறாது; 0.75 என்பதே பரவலாக எடுத்தாளப்படும் விகிதம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தான் நடைமுறைக்கு வந்த பத்தாண்டுகளுக்குள் பன்னாட்டு அளவுகோலை எட்ட அரசுகள் முயல வேண்டும் என்று 31ஆவது பிரிவில் கூறுகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். ஆக, கெடு 2028.

எனவே எம்.டி. இடங்களைக் கூட்டு, புதிய மருத்துவக் கல்லூரிகளில் துறையைத் திற என்பதே கொள்கையின் போக்காக இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடம் கிடைத்து உள்ளே வருகிற ஒரு பொது மருத்துவர், மூன்றாண்டு கழித்து மனநல மருத்துவராக வெளியே போவதற்குள் அவருக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. எம்.பி.பி.எஸ். காலத்தில் மனநலப் பிரிவை அவர் பார்த்தது சில வாரங்கள்தான். ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றாண்டில், வார்டில் நடந்தாக வேண்டும்.

அந்த வார்டில் நடக்கும் பயிற்சியின் நடு வேலை மொழிபெயர்ப்பு என்பது என் வாதம். நோயாளி தமிழில் சொல்வதை மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இதைச் செய்கிறார். ஆனால் இதை யாரும் மொழிபெயர்ப்பு என்று அழைப்பதில்லை, தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை, தேர்வில் சோதிப்பதுமில்லை. இதனால் என்ன இழக்கிறோம், அந்த இழப்பைத் தவிர்க்க முடியுமா என்பதே இங்கே கேள்வி. நானும் இப்படிப் பயிற்சி பெற்றவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

2. வார்டில் குடியிருத்தல்

'ரெசிடென்ட்' என்ற சொல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. இங்கே அவர் 'பி.ஜி.' நர்ஸ் அப்படித்தான் கூப்பிடுவார், வார்டு பாய் அப்படித்தான் கூப்பிடுவார், நாலு தடவை வந்துபோன நோயாளியும் 'பி.ஜி. டாக்டர்' என்பார். படிப்பைச் சொல்லும் பெயர் அது. மூலச் சொல்லோ இருப்பிடத்தைச் சொல்வது. பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெடும் அமைத்த முறையில், பயிற்சி மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே குடியிருந்தார். நோயின் போக்கைப் பகலும் இரவும் பார்த்தால்தான் கற்க முடியும் என்பது அதன் அடிப்படை. ஓய்வறியாத அந்த அறுவைப் பயிற்சியை வகுத்த ஹால்ஸ்டெட் கோகெய்னுக்கும் பின்னர் மார்ஃபினுக்கும் அடிமைப்பட்டிருந்தவர் என்பதைப் போதைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் பி.ஜி.க்கள் யாராவது அறிந்தால் ஒரு நிமிடம் சிரிப்பார்கள்.

அதே மருத்துவமனையில் 1913இல் ஃபிப்ஸ் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் தலைவராக அடால்ஃப் மேயர் வந்தார். நோயின் பெயரைக் காட்டிலும் நோயாளியின் வாழ்க்கை வரலாறு முக்கியம் என்றவர் அவர். பிறப்பு, பள்ளி, வேலை, திருமணம், இழப்பு எல்லாவற்றையும் வருடவாரியாகக் குறித்துக்கொண்டு, நோய் எங்கே நுழைகிறது என்று பார்க்கச் சொன்னார். அவரிடம் சென்று கற்றவர்களில் ஒருவர் ஆப்ரி லூயிஸ். பிற்பாடு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைப் பயிற்சியின் தலைமையிடமாக ஆக்கியவர் இவர். மாட்ஸ்லியில் படித்துத் திரும்பிய இந்திய மருத்துவர்கள் பலர். இன்று நம் வார்டில் முதலாண்டு பி.ஜி. நிரப்பும் கேஸ் ஷீட்டின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால், மேயரின் கையும் லூயிஸின் கையும் அதில் தெரியும். வடிவம் வந்து சேர்ந்துவிட்டது. அதை எந்த மொழியில் நிரப்புவது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் பயிற்சிக்கென ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்று 1946இல் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு பரிந்துரைத்தது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. அதுவே 1974இல் நிம்ஹான்ஸ் ஆனது. அங்கே பயின்று கீழ்ப்பாக்கத்துக்கு வந்தவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1978இல் ஓய்வு பெறும்வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

3. எந்த வார்டு?

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் தமிழில் ஒரு வசவு. சினிமாவும் பட்டிமன்றமும் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. 1871இல் அங்கே வந்த காப்பகம் இன்று சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மனநலக் காப்பகம். அதன் சுவருக்குள் பயிற்சி பெறுபவர் பார்ப்பது எதை? நாட்பட்ட மனச்சிதைவை, காவல்துறை தெருவிலிருந்து கொண்டுவந்து விடும் பெயர் தெரியாதவர்களை, நீதிமன்றம் அனுப்பும் கைதிகளை, வீடு திரும்ப வழியில்லாமல் அங்கேயே வயதானவர்களை.

மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் பயிற்சி பெறுபவர் பார்ப்பது வேறு. அங்கே பாதி வேலை 'ஒப்பீனியன்', அதாவது மற்ற வார்டுகள் கேட்டு அனுப்பும் ஆலோசனை. மருத்துவ வார்டில் அரளி விதை சாப்பிட்டுப் பிழைத்தவர், அறுவை வார்டில் குடி நின்ற மூன்றாம் நாள் கட்டிலில் எறும்பு ஊர்வதாகத் தட்டிக்கொண்டிருப்பவர், பிரசவ வார்டில் குழந்தையைத் தொட மறுப்பவர். பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்ற ஏற்பாட்டை கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1933இல் தொடங்கிவைத்தார். சண்டிகரில் 1963இல் என்.என். விக் தொடங்கிய துறை அதற்குப் பயிற்சிக்கூடம் என்ற தகுதியைத் தந்தது. அவமானம் குறைந்தது, நோயாளிகள் சீக்கிரமே வந்தார்கள். இது பெரிய மாற்றம். ஆனால் இருபது ஆண்டு மனச்சிதைவின் முகம் எப்படி இருக்கும் என்பதை ஒரு முறையும் பார்க்காமலே பட்டம் பெறக்கூடிய நிலையையும் அதுவே உண்டாக்கியது. காப்பகத்தில் பயின்றவருக்கோ இதன் மறுபக்கம்: நோய் தணிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நோயாளியை அவர் அரிதாகவே பார்க்கிறார். நாள்தோறும் பார்க்கும் மோசமான விளைவுகளே நோயின் இயல்பு என்று நம்பிவிட அவருக்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் வெளியே, இன்னும் போதிய அளவு கவனிக்கப்படாத மூன்றாவது மரபு ஒன்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளியின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் 1957இல் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் காலத்திலேயே குடும்பம் உடன் தங்குவது முறையாயிற்று. ஆட்பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாடு என்று இதைச் சிலர் சுருக்கிவிடுகிறார்கள். பயிற்சியின் கோணத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. அங்கே பி.ஜி. தாயிடம் தனியாகப் பேசுகிறார், நோயாளியிடம் தனியாகப் பேசுகிறார், பிறகு இருவரும் வராந்தாவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதையும் கேட்கிறார். மூன்றாவதாகக் கேட்டது எந்தக் கேஸ் ஷீட் தலைப்பின் கீழும் வராது. ஆனால் நோயாளி வீட்டுக்குப் போனால் மாத்திரை போடுவாரா மாட்டாரா என்பது அதில்தான் தெரியும்.

மருத்துவமனைச் சுவருக்கு வெளியே இருப்பதைப் பார்க்கவைக்கும் ஏற்பாடு மிகத் தாமதமாக வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய தனியார் மனநல இல்லத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோது, நோயாளிகளின் பாதை எங்கெங்கே போகிறது என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது. தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் போய்விட்டுத்தான் பலரும் நம்மிடம் வருகிறார்கள் என்பது புறநோயாளிப் பிரிவில் உட்காரும் எவருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அங்கே போய் நின்று பார்த்த பி.ஜி. எத்தனை பேர்? 2020இல் அறிவிக்கப்பட்ட மாவட்டப் பயிற்சித் திட்டம் எல்லாத் துறை முதுநிலை மாணவர்களையும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புகிறது. மனநலத் துறையைப் பொறுத்தவரை மூன்றாண்டில் அந்த மூன்று மாதம் அதிக விளைச்சல் தரக்கூடியது என்பது என் கணிப்பு. நடைமுறையில் அது ஆள் பற்றாக்குறையை அடைக்கும் தற்காலிகப் பணியாகச் சுருங்கும் அபாயமும் உண்டு.

4. 'அவங்க பேசுறாங்க'

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஐம்பது வயதுப் பெண் ஒருவர் புறநோயாளிப் பிரிவில் சொல்கிறார்: "நெஞ்சுக்குள்ள யாரோ உக்காந்து கசக்குற மாதிரி இருக்கு. சோறு எறங்கல. ராத்திரி முழுக்க ஓட்டை எண்ணிக்கிட்டுக் கெடக்கேன்." பி.ஜி. எழுதுவது ஆங்கிலத்தில் மூன்று துண்டு: மனநிலை தாழ்வு, பசி குறைவு, தூக்கம் குறைவு. பிழையென்று இதில் எதுவும் கிடையாது. மாத்திரையும் சரியாகவே எழுதப்படும். ஓடு போய்விட்டது, உட்கார்ந்திருந்த ஆளும் போய்விட்டார், அவ்வளவுதான். அடுத்த மாதம் வேறொரு பி.ஜி. அந்த ஷீட்டைத் திறக்கும்போது, இந்தப் பெண்ணுக்கும் இவருக்கு முன் வந்த பத்துப் பேருக்கும் வித்தியாசம் தெரியாது.

இவ்வளவு சாதாரணமான இழப்பை மட்டும் வைத்துப் பெரிய வாதம் கட்ட முடியாது. நோய் நிர்ணயத்தையே தொடும் இடங்கள் உண்டு. அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நான் பயிற்சியிலிருந்தபோது எங்கள் யூனிட்டில் இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். காதில் குரல் கேட்கிறது என்றார். என்ன கேட்கிறது என்றேன். "என்னப் பத்தித்தான் பேசுறாங்க சார்." நான் எழுதியது: படர்க்கையில் தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள். ஜெர்மானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் மனச்சிதைவுக்கு முதல் தரச் சான்றாக வகுத்த அறிகுறிகளில் ஒன்று அது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குரல்கள் நோயாளியைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது. ஒரு வரியில் நோய் நிர்ணயம் முடிந்த திருப்தி எனக்கு.

மறுநாள் அதே நோயாளியை என் சக பி.ஜி. பார்த்தார். ராஜஸ்தான்காரர், அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்தவர். தமிழ் கற்று எட்டு மாதம். அவருக்கு 'பேசுறாங்க' என்பது விளங்கவில்லை. விளங்காததால் கேட்டார்: "எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான் சார். எங்க பெரியப்பா."

"ஒருத்தர்னா ஏன் பேசுறாங்க?"

இளைஞர் கொஞ்சம் சங்கடப்பட்டுச் சொன்னார்: "பெரியவங்கள அப்படித்தான சார் சொல்லணும்."

பெரியப்பா இறந்து ஓர் ஆண்டு. குரல் பேசியது இவரிடம்தான், இவரைப் பற்றி. திட்டியது. தமிழின் 'ஆங்க' விகுதி பன்மைக்கும் மரியாதைக்கும் ஒன்றே. பிறவித் தமிழனான என் காது அதில் பன்மையை எடுத்துக்கொண்டு, மரியாதையை விட்டுவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிய கணத்திலேயே அந்த இரட்டைப் பொருள் அழிந்து, இரண்டு மூன்று அந்நியர்கள் பிறந்துவிட்டார்கள். கவனித்திருந்தால் தமிழே எனக்குத் துப்பு கொடுத்திருக்கும்: தமக்குள் பேசுவதென்றால் 'பேசிக்கிறாங்க' என்றிருப்பார். 'பேசுறாங்க' என்றார். எங்கள் சீஃப் ரவுண்ட்ஸில் நோய்ப்பெயரை அடித்து, ஆய்வில் உள்ளது என்று மாற்றி எழுதினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு வகை. சிந்தனை ஓட்டத்தின் கோளாறைப் பதிவு செய்ய நோயாளியின் பேச்சை உள்ளபடியே சில வரி எழுத வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. மேலைப் புத்தகங்களே வற்புறுத்தும் விதி. விளக்கத்துக்காக நான் அமைத்த ஒரு மாதிரி இது, வார்டில் நின்றவர்களுக்கு இதன் சாயல் தெரியும்: "மழைன்னா குடை, குடையுதுன்னா காது, காதுல கேக்குறது கோயில் மணி, மணிதான் என் தம்பி, தம்பிக்கு இன்னும் சம்பளம் போடல." தமிழில் இதைக் கேட்டால் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு பாலம் இருப்பது தெரியும். குடை என்ற ஒலி காதைக் குடைவதற்கு இழுத்துப்போகிறது. மணி கோயிலிலிருந்து தம்பிக்குப் போகிறது. ஒலியாலும் சிலேடையாலும் கோத்த இந்த வேகம் பித்து நிலையின் எண்ணப் பாய்ச்சலை நினைவூட்டும். இதையே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுங்கள். மழை, காது வலி, கோயில், தம்பி, சம்பளம் என்று ஒட்டுறவற்ற துண்டுகள் மிஞ்சும். படிப்பவர் மனச்சிதைவின் தொடர்பறுந்த சிந்தனை என்பார். இரண்டுக்கும் மருந்து வேறு, காலக்கணிப்பு வேறு, குடும்பத்திடம் சொல்ல வேண்டிய செய்தி வேறு.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. உடைந்த தமிழ் வாக்கியத்தை பி.ஜி. தன்னை அறியாமலே எழுவாய் பயனிலை பொருத்தி நேரான ஆங்கிலமாக எழுதிவிடுகிறார். நோய் காகிதத்தில் குணமாகிவிடுகிறது.

அனுபவத்தைச் சொல்லும் தமிழின் வாக்கிய அமைப்பையும் கவனிக்க வேண்டும். நாம் 'எனக்குத் தோணுது' என்கிறோம், 'கோபம் வருது' என்கிறோம், 'பயம் புடிச்சுக்கிச்சு' என்கிறோம். எண்ணமும் உணர்ச்சியும் வெளியிலிருந்து நம்மிடம் வந்து சேர்வதாகவே இயல்பான தமிழ் பேசும். 'கெட்ட கெட்ட நெனப்பா வருது' என்பவர் நோயில்லாதவராகவும் இருக்கலாம், ஆட்டிவைக்கும் எண்ணச் சுழற்சியால் அவதிப்படுபவராகவும் இருக்கலாம். 'நெனப்ப உள்ள போடுறாங்க' என்பவர் வேறு. முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொள்ளாமலிருக்க, தமிழில் எது சாதாரணம் என்ற இலக்கண உணர்வு மருத்துவருக்கு வேண்டும். அது அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. பேனாவை எடுக்கும்போது கீழே வைத்துவிடுகிறார்.

கடன்சொற்களும் பொறிதான். இப்போது நோயாளிகளே 'எனக்கு டிப்ரஷன் டாக்டர்' என்று வருகிறார்கள். சொல் ஆங்கிலமாக இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று தோன்றும். விசாரித்தால் ஒருவருக்கு அது கடன்காரன் தொல்லை, ஒருவருக்குப் பரீட்சை பயம், இன்னொருவருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு.

5. பொதுமொழியின் நியாயம்

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்க-பிரிட்டன் நோய் நிர்ணய ஆய்வின் முடிவுகள் 1972இல் நூலாக வந்தன. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்ற நோய்ப்பெயர் லண்டனைவிட மிக அதிகமாக வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆய்வுக் குழுவினர் ஒரே மாதிரி வடிவமைத்த நேர்காணலைக் கொண்டு இரு ஊர் நோயாளிகளையும் பார்த்தபோது அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. வேறுபட்டிருந்தது மருத்துவர்களின் பயிற்சியே தவிர நோயாளிகள் அல்லர். இரு தரப்பும் ஆங்கிலம் பேசுபவர்கள் என்பதைச் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு விலகல் என்றால், ஒவ்வொரு மருத்துவரும் அவரவர் வட்டார வழக்கில் எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும்? பொதுவான கலைச்சொல், பொதுவான வரையறை, பொதுவான பதிவு மொழி இவையெல்லாம் ஆடம்பரமாக வந்தவை அல்ல. தன்னிச்சையான தீர்ப்புகளிலிருந்து நோயாளியைக் காப்பாற்ற வந்தவை.

இதை ஏற்கிறேன். ஆனால் அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது மையங்களில் நடத்திய மனச்சிதைவு முன்னோடி ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஆக்ரா அதில் இருந்தது. அங்கே நேர்காணல் அட்டவணையைப் பல மொழிகளுக்குப் பெயர்த்துத்தான் பயன்படுத்தினார்கள். பெயர்ப்பு என்பது உழைப்பைக் கோரும், சரிபார்க்க வேண்டிய தனி வேலை என்று ஆராய்ச்சியாளர்கள் அறிந்திருந்தார்கள். வார்டுதான் அதை அறியவில்லை. முடிவு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அந்த முடிவுக்கு ஆதாரமான பேச்சு, பேசிய மொழியில் இருக்கட்டும் என்பதற்கு மேல் நான் கேட்பது எதுவும் இல்லை. முக்கியப் புகார் இரண்டு வரி, பேச்சின் மாதிரி நாலு வரி, குரலோ பிரமையோ இருந்தால் அதை நோயாளி சொன்ன சொற்கள். தமிழ் எழுத்தில் அரைப் பக்கம்.

நேரமில்லை என்பார்கள். நூற்றுக்கணக்கில் வரும் புறநோயாளிப் பிரிவில் இது முடியாதுதான். உள்நோயாளி வார்டில் முடியும். வெளிமாநில பி.ஜி.க்கள் என்ன செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் நிலையில் அது நியாயமான கேள்வியும்கூட. என் ராஜஸ்தான் நண்பர் இந்தி எழுத்தில் தமிழை எழுதிவைத்துக்கொள்வார். அவருடைய நோட்டில் அந்த இளைஞரின் சொற்கள் அப்படியே இருந்தன. என்னுடையதில் இல்லை. தாய்மொழிக்காரர் தன் மொழியைக் கேட்பதில்லை, அதற்குள் நடந்து போய்விடுகிறார் என்பது அவரிடம் நான் கற்றது. ஆகவே தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் வந்தால் சரியாகிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

6. களைத்த காது

மேற்பார்வை பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் மனநலப் பயிற்சி மருத்துவருக்கு வாரம் ஒரு மணி நேரம் மூத்தவரோடு தனியாக உட்காரும் நேரம் கட்டாயம். உளச்சிகிச்சையில் குறுகிய காலமும் நீண்ட காலமுமாக நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் பயிற்சியே நான்காண்டு. நமது மூன்றாண்டில் அப்படிக் காப்பாற்றி ஒதுக்கப்பட்ட ஒரு மணி நேரம் கிடையாது. ரவுண்ட்ஸ் உண்டு. ரவுண்ட்ஸில் முடிவுகள்தான் சொல்லப்படும். நோயாளி என்ன சொன்னார், நீ என்ன கேட்டாய், ஏன் அந்த இடத்தில் பேச்சை மாற்றினாய் என்று கேட்பதற்கு அங்கே நேரமும் இல்லை, பத்துப் பேர் நடுவில் அதற்கு விடை சொல்லவும் முடியாது.

பணிநேரமும் இதோடு சேர்ந்ததுதான். வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992ஆம் ஆண்டின் மத்திய ஆணை காகிதத்தில் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை 74 மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்று பரிந்துரைத்தது. இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரமே நடைமுறையைச் சொல்லிவிடும். அந்தப் பணிக்குழுவின் இணையவழி ஆய்வில் பங்கேற்ற 5,337 முதுநிலை மாணவர்களில் 31.3 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிவித்தார்கள். விரும்பியவர்கள் மட்டும் பதிலளித்த ஆய்வு என்பதால் எல்லா மாணவர்களுக்கும் இந்த எண்ணைப் பொருத்திவிடக் கூடாது. எல்லாத் துறையினரும் அதில் அடக்கம். ஆனாலும் என் பொருளுக்கு இது நெருக்கமானது. அறுவைத் துறையில் களைப்பு கையில் தெரியும். எங்கள் துறையில் அது காதில் தெரியும். 'பேசுறாங்க' என்று கேட்ட அந்தக் காலை, நான் முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருந்தேன். சாக்காகச் சொல்லவில்லை, சூழலைச் சொல்கிறேன்.

7. தேர்வு மேசை

எம்.டி. இறுதித் தேர்வில் நாலு தாள், அதற்கு முன் ஆய்வேடு, பிறகு நோயாளித் தேர்வு. நீண்ட கேஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாணவர் நோயாளியோடு தமிழில் பேசுவார், தேர்வாளர் முன் ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். தேர்வாளர்கள் கேட்பது அந்த ஆங்கிலத்தை.

மனநிலைப் பரிசோதனைக்கென்று வழிவழியாக வரும் கேள்விகள் உண்டு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வது. பழமொழிக்குப் பொருள் கேட்பது. நுண்பொருள் சிந்தனையைச் சோதிக்க நாங்கள் வழக்கமாகக் கேட்டது 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல'. அதுவே ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று கேட்டால் கிராமத்துப் பாட்டிகள் பொருளோடு இரண்டு கதையும் சேர்த்துச் சொல்வார்கள். பிறகு தீர்மானிக்கும் திறனுக்கு ஒரு தபால் கேள்வி: முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் தெருவில் கிடந்தால் என்ன செய்வீர்கள்? எடுத்துத் தபால்பெட்டியில் போடுவேன் என்பதே சரியான விடை.

நான் இரண்டாமாண்டில் இருந்தபோது தேர்வுக்கு நோயாளிகளை அழைத்து வந்து உட்காரவைப்பது எங்கள் பொறுப்பு. ஒருவர் அறுபதை நெருங்கியவர், பல ஆண்டுகளாக வார்டிலேயே இருப்பவர். நோய் அடங்கி வெகுகாலம். எத்தனையோ தேர்வுகளில் உட்கார்ந்தவர் என்பதால் எங்களைவிட முறை தெரிந்தவர். மாணவர் வாயைத் திறப்பதற்குள் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று தொடங்கிவிடுவார். அவருடைய அண்ணனுக்கு வார்டின் சமூகப் பணியாளர் எழுதிய இரண்டு கடிதங்களும் அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தன.

அன்று மாணவர் தபால் கேள்வியைக் கேட்டார். பெரியவர் இந்த முறை சட்டென்று விடை சொல்லவில்லை. கவரில் என்ன முகவரி என்று திருப்பிக் கேட்டார். ஏதோ ஒரு முகவரி என்றார் மாணவர்.

"எங்க வீட்டு அட்ரஸா இருந்தா பிரிச்சுப் படிப்பேன் தம்பி."

மாணவர் குறித்துக்கொண்டார். தேர்வாளரிடம் சொல்லும்போது, சோதனையில் தீர்மானிக்கும் திறன் பாதிக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தேர்வாளர் தலையசைத்துவிட்டு, மருந்தின் பக்கவிளைவுகளைக் கேட்கத் தொடங்கினார். வெளியே பெஞ்சில் பெரியவருக்கு டீயும் பன்னும் கொடுத்தோம். பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அந்தத் தம்பி பாஸாயிடுவாரா சார்?"